சல்லடையும் சட்டமும்: பாலாற்றங்கரையிலிருந்து தங்கவயல் வரை



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்க நம் மக்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்துகொண்ட கருவிகள்: ஒரு பலகை, ஒரு முறம், ஒரு கோணிப்பை, இரண்டு கல், பின்னாளில் ஒரு இரும்புச் சட்டி. இவற்றின் வரலாற்றைப் பேசப்போகிறேன். கோலார் தங்கவயல் பற்றி நம்மிடையே ஏராளம் பேசப்பட்டிருக்கிறது. 2024இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ படத்துக்குப் பிறகு வட ஆற்காட்டுக்கும் அந்த மண்ணுக்கும் இருந்த உறவு பொதுவெளியிலும் பேச்சாகியிருக்கிறது. படம் தொன்மத்தின் வழியே போனது, அது கலையின் உரிமை. எனக்கு அதைவிடத் தாழ்ந்த ஒரு கேள்வி இருக்கிறது. தங்கம் பிரிக்கும் அறிவு யாரிடம் இருந்தது? அது எப்போது திருட்டு ஆனது?

1802ஆம் ஆண்டு. திப்பு சுல்தான் வீழ்ந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மைசூர் எல்லையை அளக்கும் பணியில் ஜான் வாரன் என்ற படை அதிகாரி கோலார் பகுதிக்கு வருகிறார். இந்த ஊர்களில் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுகிறது. காட்டுபவருக்குச் சன்மானம் என்று அறிவிக்கிறார். உரிகம் கிராமத்தார் மாட்டுவண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே கழுவிக் காட்டுகிறார்கள். ஏறத்தாழ 56 கிலோ மண்ணுக்கு ஒரு குன்றிமணிக்கும் குறைவான தங்கம் என்று கணக்கு எழுதிவைக்கப்பட்டது. பிறகு அவர் மாரிகுப்பத்துக்குப் போனபோது அங்கே பறையர் மக்கள் பாறைக்குள் குழி வெட்டி வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்க்கிறார். ஆண்கள் குழிக்குள். வெட்டிய கல் கூடையில் கைமாறிக் கைமாறி மேலே வருகிறது. மேலே பெண்கள் பெரிய கல்லின்மேல் வைத்துச் சிறிய கல்லால் இடித்து மாவாக்குகிறார்கள். அந்த மாவைத் தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் மரப்பலகையில் கழுவுகிறார்கள்.

இதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். சுரங்கம் வெட்டுதல், தாதுவை மேலே ஏற்றுதல், நொறுக்குதல், கழுவிப் பிரித்தல் என்று நான்கு படிகள். 1880க்குப் பிறகு இங்கிலாந்தின் ஜான் டெய்லர் கம்பெனி வந்து கோடிக்கணக்கில் பணம் போட்டு நிறுவியதும் இதே நான்கு படிகளைத்தான். குழி ஆழமானது, கூடையின் இடத்தில் கூண்டு வந்தது, கல்லின் இடத்தில் இரும்பு உலக்கைகள் வரிசையாக நின்று இடிக்கும் ஆலை வந்தது. படிகளின் வரிசை மாறவில்லை. கம்பெனியின் எந்திர நுட்பத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து நூறு மைலுக்கு அருகில் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தவர்களின் திறமை திறமைதான். ஆனால் வரலாற்றுப் பாடம் தங்கவயலைக் ‘கண்டுபிடித்தவர்’ என்று ஒரு வெள்ளைக்காரர் பெயரைச் சொல்லும்போது, அவருக்கு வண்டி மண்ணைக் கழுவிக் காட்டிய பெண்ணின் கையைக் கழித்துவிடுகிறது. மைக்கேல் லாவெல் என்ற முன்னாள் படைவீரர் 1873இல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டு எழுதினார், 1875இல் குத்தகை பெற்றார். அவருக்கு இங்கே தோண்டலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது வாரன் எழுதிவைத்த குறிப்பு. வாரனுக்கு அந்தக் குறிப்பைத் தந்தது சேரி.

இந்த அறிவின் இயற்பியல் எளியது, ஆனால் கைக்கு எளிதல்ல. தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3. அதைச் சுமக்கும் வெள்ளைக்கல்லுக்கு, அதாவது குவார்ட்சுக்கு, 2.65தான். ஒரே அளவுள்ள இரண்டு துகளில் தங்கத்துகள் ஏழு மடங்கு கனம். ஓடும் தண்ணீரில் லேசானது போய்விடும், கனமானது தங்கிவிடும். இதுதான் மொத்த ரகசியமும். கஷ்டம் எங்கே என்றால், தங்கம் கண்ணுக்குத் தெரியாத பொடியாக இருக்கும்போது அது தண்ணீரின் மேல்பரப்பிலேயே மிதந்து போய்விடும். தண்ணீர் வேகமாக ஓடினால் எல்லாம் போகும், மெதுவாக ஓடினால் மணலும் சேர்ந்து தங்கும். பலகையை எந்தச் சாய்வில் பிடிப்பது, எத்தனை முறை அலசுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் மணிக்கட்டில் இருக்கிற அறிவு. வீட்டில் அரிசி களைந்து கல் அரிக்கும் பெண்களுக்கு அதே மணிக்கட்டு உண்டு. ‘அரித்தல்’ என்ற சொல்லே அரிசிக்கும் பொன்னுக்கும் பொதுவாக இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மண்ணையும் சாம்பலையும் அரித்து உலோகம் எடுப்பவரை அரிப்புக்காரர் என்று பழைய அகராதிகள் பதிவுசெய்திருக்கின்றன. நகைப்பட்டறைத் தெருக்களில் விடியற்காலையில் கூட்டிப் பெருக்கி, சாக்கடைச் சேற்றை அள்ளி, சட்டியில் அலசித் தங்கத்தூள் எடுப்பவர்களை இன்றும் நம் ஊர்களில் பார்க்கலாம். நகை செய்பவருக்கு ஆசாரி என்றும் பத்தர் என்றும் பட்டம். அந்தப் பட்டறையின் குப்பையிலிருந்து அதே தங்கத்தை மீட்பவருக்குப் பெயர் கூடக் கிடையாது, ‘மண் அள்ளுறவங்க’ என்பதோடு சரி.

உலகம் முழுக்க இந்தக் கருவிகள் குப்பையிலிருந்துதான் பிறந்திருக்கின்றன. 1848க்குப் பிறகு கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போனவர்கள், பெட்டிக்கட்டையை வெட்டி அடியில் வளைவுக் கால் பொருத்தி, மேலே துளையிட்ட தகரம், உள்ளே பழைய துணி விரித்து, ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறுகையால் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் தொட்டில். பிள்ளை உறங்கும் தொட்டிலைப் போலவே அது ஆடும். இன்று எளியவர்கள் தங்கம் அலசும் இடங்களில் நீளவாக்கில் அறுத்த பிளாஸ்டிக் குழாய், கதவோரத்து மிதியடி, காலாவதியான கம்பளம், கம்பிவலை எல்லாம் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்கின்றன. அலசி முடிந்தபின் தங்கத்தோடு தங்கிவிடும் கருமணலைப் பிரிக்கப் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் போதும், கருமணலில் இரும்பு இருக்கிறது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இருந்து வந்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துணிக்கும் கம்பளத்துக்கும் முன்னால் அந்த வேலையைச் செய்தது தோல். கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியாவின் மலைப்பகுதியில், மயிர் நீக்காத ஆட்டுத்தோலை ஓடையில் விரித்து அதில் சிக்கும் தங்கப்பொடியைச் சேகரித்தார்கள். கிரேக்கப் பூகோள ஆசிரியர் ஸ்டிராபோவே அதைக் குறிப்பிட்டு, தங்கத்தோல் கதைக்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று எழுதினார். கிரேக்கப் புராணத்தில் வீரர்கள் கப்பலேறித் தேடிப்போன அந்தப் பொற்கம்பளம், மலைச்சாதி ஒன்றின் வேலைக் கருவி. 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்கநூல் தோல் விரித்துத் தங்கம் பிடிக்கும் முறையை விளக்குகிறது. பிறகு பாதரசம் கொண்டு தங்கத்தைக் கட்டும் முறை பரவியபோதும் தோல் திரும்ப வந்தது. ரசக்கலவையை மெல்லிய பதனிட்ட தோலில் வைத்துப் பிழிந்தால் உபரி ரசம் தோலின் துளைகள் வழியே வெளியேறிவிடும், தங்கம் பிடித்த கட்டி உள்ளே நிற்கும். உலகின் தங்க ஆலைகளில் இது அன்றாட வேலையாக இருந்தது. தோல் தொட்டவன் தீட்டு என்று சொன்ன சமூகம், தோலில் பிழிந்த தங்கத்தைச் சாமிக்குச் சாத்தியது. அதற்குத் தீட்டுக் கழிக்கும் சடங்கு எதுவும் யாரும் எழுதிவைக்கவில்லை.

இனி வட ஆற்காட்டுக்கு வருவோம். தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்களில் நிலமற்ற பண்ணையாள்களே அதிகம். அந்தக் காயம் ஆறுவதற்குள் 1880இல் தங்கவயலில் கம்பெனிகள் இறங்குகின்றன. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர் வட்டாரங்களிலிருந்து, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து, மேஸ்திரிகளின் கீழ் குடும்பம் குடும்பமாகப் பறையர் மக்கள் மலையேறினார்கள். பண்ணையாரின் வட்டிக்கணக்குக்கு எட்டாத தூரம் என்பதே பாதிக் கூலி. 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்கு ரயில் வந்தபின் போக்குவரத்து இன்னும் எளிதானது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. 120 வருடத்தில் அங்கே எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல்.

அந்த 800 டன்னைக் கழுவிய தண்ணீர் எது தெரியுமா? நந்திமலையில் பிறந்து, பேத்தமங்கலம் ஏரியை நிறைத்து வருகிற பாலாறு. தங்கவயலுக்குத் தண்ணீர் பேத்தமங்கலத்திலிருந்து போனது. அதே ஆறு ஆந்திர எல்லையைக் கடந்து புல்லூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் தோலைக் கழுவியது. மேல்பாலாற்றில் தங்கத்தை அலசியவர்களும் கீழ்ப்பாலாற்றில் தோலை அலசியவர்களும் ஒரே கிராமங்களிலிருந்து, பல நேரம் ஒரே வீடுகளிலிருந்து போனவர்கள். அண்ணன் சுரங்கத்துக்கு, தம்பி தோல் ஷாப்புக்கு. இந்த இரண்டு வரலாறுகளையும் தனித்தனியாக எழுதும் வழக்கத்தை நாம் விட வேண்டும்.

சரி, மாரிகுப்பத்துப் பெண்களின் பலகை என்ன ஆனது? கம்பெனி வந்ததும் அது சட்டத்துக்குப் புறம்பானது. 1897இல் மைசூர் சமஸ்தானம் சுரங்க ஒழுங்குமுறை ஒன்றைக் கொண்டுவந்தது, 1906இல் சுரங்கச் சட்டம் வந்தது. தங்கம் கலந்த தாதுவோ ரசக்கட்டியோ ஒருவர் கையில் இருந்து, அது எப்படி வந்தது என்று அவரால் விளக்க முடியாவிட்டால், அதுவே குற்றம். திருடியதை அரசு நிரூபிக்கத் தேவையில்லை, திருடவில்லை என்பதைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டும். நூறு வருடம் முன்பு சன்மானம் கொடுத்து வரவழைத்த அதே செயலுக்கு இப்போது சிறை. ஷிப்ட் முடிந்து மேலே வருபவரைச் சோதனை போடுவதும், ஆலையில் வேலை செய்பவர் உடையைக் கண்காணிப்பதும், லைன் வீடுகளைச் சோதிப்பதும் நிர்வாகத்தின் அன்றாடம் ஆயின.

திருட்டு நடக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தது. கம்பெனி அதிகாரிகள் வரை கை நீண்டிருந்த வலைகள் அவை. சுரங்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவருவது கல். அந்தக் கல்லை இடித்து, அலசி, ரசம் சேர்த்து, சுட்டு, பொட்டுத் தங்கமாக்க யாராவது ஒருவரின் கொல்லைப்புறம் வேண்டும். அம்மி வேண்டும், உரல் வேண்டும், சட்டி வேண்டும். வீட்டின் சமையல் கருவிகள் அனைத்தும் சந்தேகத்துக்குரிய ஆலைச் சாமான்களாக மாறின. ஒரு சாதியின் அடுக்களையே குற்றச்சாட்டின் சாட்சியாவது என்பதைச் சமூகவியலில் எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று மாணவர்கள்தான் சொல்ல வேண்டும். என் படிப்பில் அதற்கு ஒரு பாடமும் இருக்கவில்லை.

இதன் உச்சம் 1930. தொழிலாளர்கள் எல்லோரின் கைரேகையையும் பதிவுசெய்ய நிர்வாகம் முயன்றது. தங்கத் திருட்டில் தண்டனை பெற்றவர் வேறு பெயரில் மீண்டும் வேலைக்கு வருவதைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. கைரேகை அன்றைக்கு எங்கே எடுக்கப்பட்டது என்பது மக்களுக்குத் தெரியும்: போலீஸ் ஸ்டேஷனில், சிறையில், குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ். தங்கவயல் ஏறக்குறைய மூன்று வாரம் வேலையை நிறுத்தியது. அப்போது அங்கே நிலையான தொழிற்சங்கம் கிடையாது. சங்கம் இல்லாமலே ஆயிரக்கணக்கானோர் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு நின்றார்கள், நிர்வாகம் பின்வாங்கியது. கூலி உயர்வுக்காக நடந்த வேலைநிறுத்தங்கள் நம் வரலாற்றில் நிறைய. நாங்கள் பிறவிக் குற்றவாளிகள் அல்ல என்று சொல்வதற்காகவே நடந்த வேலைநிறுத்தம் அபூர்வம். அது எங்கிருந்து வந்தது என்பதற்கும் பதில் உண்டு. 1907இலேயே அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவர் 1914இல் மறைந்தபின் ‘தமிழன்’ இதழ் 1926இல் கோ. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மீண்டும் வந்தது. சித்தார்த்தா புத்தகசாலை அங்கிருந்து நூல்களை அச்சிட்டுத் தந்தது. திருப்பத்தூரில் பெரியசாமிப் புலவர் இயங்கினார். பாதாளத்தில் வேலை செய்தவர்கள் சந்தா கட்டி நடத்திய அச்சகம் அது. அந்தப் பத்திரிகையை வாசித்தவர்களிடம் போய் விரலை மை தொட்டுவை என்றால் எப்படி வைப்பார்கள்?

தங்கவயலோடு மட்டும் இது நின்றுவிடவில்லை. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் போனால் இதன் இன்னொரு பக்கம் தெரியும். அங்கே குறும்பரும் பணியரும் மரத்தட்டில் ஓடை மணலை அலசித் தங்கம் எடுத்துவந்தவர்கள். பணியர் எடுத்தது பெரும்பாலும் அவர்களை அடிமையாய் வைத்திருந்த ஜன்மிகளுக்குப் போனது. 1879-80இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரப் ஸ்மித் அறிக்கை எழுதினார். லண்டனில் பத்துப் பத்தாகக் கம்பெனிகள் பதிவாயின, பங்குகள் பறந்தன, சில வருடத்தில் எல்லாம் கவிழ்ந்தது. கம்பெனிகள் விட்டுப்போன குகைகள் அப்படியே கிடந்தன. எண்பது வருடம் கழித்து, 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் நாடு திருப்பப்பட்ட மலையகத் தமிழர் அந்த மலைகளில் தேயிலை நட வந்து சேர்ந்தார்கள். வேலையும் பட்டாவும் சரியாகக் கிடைக்காத அந்த மக்களில் ஒரு பகுதியினர் பழைய குகைகளுக்குள் இறங்கித் தங்கக்கல் வெட்டத் தொடங்கினார்கள். கிடைத்த மோட்டாரைப் பொருத்திய சிறு அரவை எந்திரங்கள், அலசும் தொட்டி, பாதரசம். வனத்துறை வருவதும் உடைப்பதும், குகை சரிந்து ஆள் சாவதும், மறுபடி கட்டுவதும் அங்கே பல வருடக் கதை. சாவுச் செய்தியில் அவர்களுக்குச் ‘சட்டவிரோதத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்’ என்று பெயர். லண்டன் கம்பெனிகள் நிலத்தைத் துளைத்துவிட்டு மூடாமல் போனதற்கு ஒரு பெயரும் இல்லை.

தங்கவயல் சுரங்கம் 1956இல் மைசூர் அரசிடம், 1962இல் மத்திய அரசிடம் போனது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பிறகு நடந்ததை உறவினர்கள் மூலம் நீங்கள் அறிவீர்கள்: விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலிக்குப் போகும் கூட்டம், சிலர் ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குத் திரும்பியது, லைன் வீட்டுக்கு உரிமைப் பத்திரம் கேட்டு நடக்கும் ஓயாத வழக்கு. நகரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த மண். காற்றுக் காலத்தில் அது வீட்டுச் சோற்றுத்தட்டில் வந்து விழுகிறது.

இந்த நிலையில்தான் பழைய சட்டி மறுபடி வெளியே வந்தது. மூடிய ஆலைகளின் தளத்து மண், கழிவுநீர் ஓடிய கால்வாயின் அடிச்சேறு, கைவிட்ட சுரங்கத்தின் கல் ஆகியவற்றை அள்ளிவந்து அலசுகிறார்கள். கொத்தனாரின் பாண்டு, லாரி டியூப், சிமெண்டு சாக்கு, கொசுவலை என்று எதுவும் கருவியாகும். சயனைடு மேட்டு மண்ணைச் சட்டியில் அலசிப் பிரயோசனமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆலையில் மாவினும் மாவாக அரைத்துச் சயனைடு நீரில் கரைத்தெடுத்தபின் அங்கே மிஞ்சியிருப்பது டன்னுக்கு ஒரு கிராமுக்கும் கீழே, அதுவும் கனத்தால் பிரியாத அளவுக்கு நுண்ணியது. ஆகவே கனமான தங்கம் எங்கே சிந்தியிருக்கும், எந்த எந்திரத்தின் அடியில் தேங்கியிருக்கும் என்று யோசித்து அங்கே தோண்டுகிறார்கள். அப்பாவும் தாத்தாவும் அந்த ஆலையில் வேலை செய்தவர்களாக இருந்தால்தான் அந்த யோசனை வரும். தொழில் மூடப்பட்டபின்னும் தொழிலறிவு வீட்டில் இருந்தது.

இதை நம் தோழர்களில் சிலர் ‘பூர்வகுடி அறிவியல்’ என்று கொண்டாடும்போது எனக்கு ஒரு தயக்கம் வருகிறது. கொல்லைப்புறத்தில் பாதரசக் கட்டியை அடுப்பில் சுடும்போது எழும் ஆவிக்கு நிறமில்லை, வாடையில்லை. அது நேராக நுரையீரலுக்குப் போய் நரம்பைப் பிடிக்கும், அதே அடுப்பில்தான் குழந்தைக்குப் பாலும் காய்கிறது. மூடிய சுரங்கத்தின் உள்ளே காற்றோட்டம் கிடையாது, தண்ணீர் ஏறிக்கிடக்கிறது. 2020 மே மாதம் மாரிகுப்பத்தில் மூடிய சுரங்கத்துக்குள் இறங்கிய மூன்று பேர் உயிரோடு திரும்பவில்லை. செய்தித்தாள்கள் ‘திருடப் போனவர்கள்’ என்று எழுதின. ஊரடங்கில் இரண்டு மாதமாகப் பெங்களூர் ரயில் ஓடவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் வாசகருக்குக் கொஞ்சம் விளங்கியிருக்கும். கொண்டாட்டமும் குற்றப்பத்திரிகையும் இரண்டுமே அந்த மனிதர்களின் முடிவைப் புரிந்துகொள்ள உதவவில்லை. அவர்கள் நன்றாகத் தெரிந்த ஒரு வேலையை மோசமான நிலைமையில் செய்தார்கள்.

கீழ்ப்பாலாற்றிலும் இதற்கு இணையான மேடு ஒன்று உண்டு. ராணிப்பேட்டையில் அரசின் பங்கோடு 1975இல் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை இருபது வருடம் ஓடி 1995இல் மூடியபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவை அப்படியே விட்டுப்போனது. மழை பெய்தால் அதன் ஓரத்தில் மஞ்சள் தண்ணீர் ஓடும். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் மண்டலத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டிருப்பதைப் பதிவுசெய்தது, கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. சட்டக்கல்லூரி மாணவர் எல்லோரும் படிக்கும் தீர்ப்பு அது. இழப்பீடு நிலம் வைத்திருந்தவருக்கு. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவருக்கு நிலமில்லை, ஆகவே கெட்டதாகக் கணக்கில் வர அவரிடம் ஒன்றும் இல்லை. உடம்பு ஹெக்டேரில் வராது.

கழிவு யாருடையது என்ற இந்தக் கேள்வி இப்போது தங்கவயலில் அவசரமாகியிருக்கிறது. 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை ஒரு முடிவெடுத்தது. சுமார் 1,003 ஏக்கரில் நிற்கும் 13 சயனைடு மேடுகளை ஏலம்விட மத்திய அரசுக்கு ஒப்புதல். தங்கம் விலை ஏறியிருக்கிறது, டன்னுக்கு அரைகிராம் கிடைத்தாலும் மூன்று கோடி டன்னில் அது பெருந்தொகை. இரண்டு கிலோ மண்ணைச் சாக்கில் கொண்டுபோனவர்மேல் வழக்கு, மூன்று கோடி டன்னைக் கொண்டுபோக டெண்டர். எடுப்பவர் யாராயினும் மேட்டைக் கிளறும்போது எழும் தூசி அதே லைன் வீடுகளின்மேல்தான் படியும். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கனிமச் சட்டத்தில் மாவட்டக் கனிம நிதியம் என்று ஒன்று இருக்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களின் நலனுக்காகக் குத்தகைதாரர் பணம் கட்ட வேண்டும். நூற்றிருபது வருடக் கழிவைக் கிளறி எடுப்பவரிடமிருந்து அந்தப் பணம் வருமா, வந்தால் யார் ‘பாதிக்கப்பட்டவர்’ பட்டியலில் இருப்பார்கள், வேலூர் மாவட்டத்துக்கும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் நுரையீரல் நோயோடு திரும்பி வந்து இறந்தவர்களின் குடும்பங்கள் மாநில எல்லைக்கு இப்பால் இருப்பதால் விடுபட்டுவிடுமா என்பவை ஏல ஆவணத்தில் கேட்க வேண்டிய கேள்விகள். ஏலம் முடிந்தபின் கேட்டுப் பயனில்லை.

மாணவர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறேன். உங்கள் பாட்டிமார் வீட்டில், பேரணாம்பட்டிலோ குடியாத்தத்திலோ, மாரிகுப்பத்திலோ ஆண்டர்சன்பேட்டையிலோ, சுரங்கத்தில் இருந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கூலி எவ்வளவு, எத்தனை வருடம் வேலை என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தக் கருவிக்கு என்ன பெயர், யார் செய்து தந்தார்கள், எதில் செய்தார்கள், எப்படிப் பிடிப்பது என்று கேளுங்கள். ஆங்கிலத்திலிருந்து வந்து நம் நாவில் திரிந்த சொற்கள் அங்கே நிறைய. கன்னடம், தெலுங்கு கலந்தவையும் உண்டு. அவற்றைத் திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய சட்டியோ பலகையோ கிடந்தால் அளவெடுத்துப் படம் பிடியுங்கள். பெயரைக் குறிக்க அவர்கள் தயங்கினால் பெயர் வேண்டாம். வழக்குகள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன.